பைக்கோஎரித்ரின்
சிவப்புப் பாசிகளுக்கு நிறம் தரும் நிறமிப் புரதம். கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே பெரிதும் உறிஞ்சிவிடுகிறது; தெளிந்த நீரின் ஆழத்தில் எஞ்சுவது நீலமும் பச்சையும். பச்சை ஒளியைப் பச்சையம் சரிவரப் பிடிப்பதில்லை. அந்த வேலையை இந்நிறமி ஏற்கிறது: 498, 545, 565 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டி ஒளியை ஈர்த்து, பைக்கோசயனின், அல்லோபைக்கோசயனின் என்னும் வேறு இரு நிறமிப் புரதங்கள் வழியாகப் பச்சையத்துக்குக் கைமாற்றுகிறது. வழியில் வீணாகும் ஆற்றல் மிகச் சொற்பம். இதன் பெருஞ்சிறப்பு இதுவே. பஹாமாஸ் அருகே 268 மீட்டர் ஆழத்திலும் சிவப்புப் பாசி வாழ்வது 1984இல் தெரியவந்தது. ஆயினும் ஆழ்கடலுக்கே உரிய நிறமி என இதைக் கொள்வது பிழை. மன்னார் வளைகுடாவின் கஞ்சிப்பாசி என்னும் சிவப்புப் பாசி ஆழமற்ற நீரில் வளர்வதே. பாசியை அரைத்து நீரில் கரைத்து வடித்தால் இளஞ்சிவப்புச் சாறு கிடைக்கும். பச்சை ஒளி பட்டால் அது ஆரஞ்சு மஞ்சளாக ஒளிர்கிறது. வெயிலில் இந்நிறமி சிதைவதால், கரை ஒதுங்கிய பாசி பச்சையாகி வெளுக்கிறது.