ஆற்றிலும் மலக்குழியிலும் இரண்டாமவர் ஏன் இறக்கிறார்?

2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்தை அடுத்த குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே குளிக்கச் சென்ற சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர் மூழ்கி இறந்தனர். ஆழத்தில் சிக்கியவர்களை மீட்க முயன்றவர்களும் அவர்களுள் அடக்கம். அதே கெடிலம்தான் தேவனாம்பட்டினத்தின் அருகே கடலில் கலக்கிறது. அங்குள்ள பெரியார் அரசு கலைக் கல்லூரியின் மாணவர்களுக்கு அந்த நீரும் அலையும் அன்றாடக் காட்சி.

மலக்குழி மரணங்களைத் தொடர்ந்து கவனித்து வருவோருக்கு இந்த வரிசை புதிதன்று. ஒருவர் குழிக்குள் இறங்கி மயங்குகிறார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குகிறார். இருவரிடமிருந்தும் குரல் வராததால் மூன்றாமவர் எட்டிப் பார்க்கிறார். மறுநாள் "விஷவாயு தாக்கி மூவர் பலி" என்று செய்தி வருகிறது. வாயுவை எழுவாயாக்கி எழுதப்படும் இவ்வாக்கியத்தில், அவர்களைக் குழிக்குள் இறக்கியவருக்கு இடமே இல்லை.

இரண்டாமவர் இறப்பதற்கு அவரது அறியாமை மட்டுமே காரணமன்று. அந்த வாயுவின் இயல்பும் காரணம். மலக்குழியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. அதன் அளவு கூடும்போது மூக்கின் நுகரும் ஆற்றலையே அது மழுங்கச் செய்துவிடும். "இப்போது நாற்றம் இல்லை, இறங்கலாம்" என்று தோன்றும் கணமே பேராபத்தான கணமாக இருக்கக்கூடும். மிகுந்த செறிவில் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஏறிவிடலாம் என்னும் கணக்கு அங்கே செல்லாது. மீத்தேனும் கரியமில வாயுவும் ஆக்சிஜனை வெளியேற்றிவிடுகின்றன. தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டுச் சோதிக்கும் வழக்கத்தை உடனே கைவிட வேண்டும். மீத்தேன் வெடிக்கும், ஹைட்ரஜன் சல்பைடு இருப்பதையோ தீக்குச்சி காட்டித் தராது.

எனவே குழிக்குள் ஒருவர் விழுந்துவிட்டால் யாரும் இறங்கக் கூடாது. இறங்கத் துடிக்கும் உறவினரைப் பிடித்து நிறுத்துவதே அங்கு முதல் முதலுதவி. அது கொடுமையாகத் தோன்றினாலும் செய்தாக வேண்டும். 108 உடன் 101 என்ற தீயணைப்புத் துறை எண்ணையும் அழைத்து, "குழிக்குள் ஆள் விழுந்திருக்கிறார், மூச்சுக்கருவியோடு வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். எல்லா மூடிகளையும் திறந்து, வெளிக்காற்றை உள்ளே செலுத்த வழியிருந்தால் செலுத்தலாம். மின்விசிறியையோ மோட்டாரையோ குழியின் வாயருகே இயக்கினால் பொறி பறக்கும் ஆபத்து உண்டு. நினைவோடு இருப்பவருக்குக் கயிறு வீசலாம்.

வெளியே கொணர்ந்தவரைக் காற்று வரும் திசைக்குத் தள்ளிக் கிடத்தி, நனைந்த உடைகளைக் களைய வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். இல்லையெனில், மார்பின் நடு எலும்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். நீரில் மூழ்கியவருக்கு ஆக்சிஜனே முதல் தேவை. ஆகவே முதலில் இருமுறை வாயோடு வாய் வைத்து ஊதி, பின் 30 அழுத்தம், 2 மூச்சு எனத் தொடரலாம். மலக்குழியிலிருந்து மீட்கப்பட்டவருக்கு அவ்வாறு நேரடியாக ஊதக் கூடாது, அவரது மூச்சில் எஞ்சிய வாயு ஊதுபவரையும் பாதிக்கலாம். உரிய முகமூடிக் கருவி வரும்வரை மார்பழுத்தத்தை நிறுத்தாமல் தொடர வேண்டும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் இருவரையும் மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும் வாய்ப்பு உண்டு.

ஆற்றுக்கு ஒரு சொல். பயிற்சி இல்லாதவர் நீரில் குதிக்காமல் கயிறு, முடிச்சிட்ட சேலை, மூடியிட்ட காலி பிளாஸ்டிக் கேன் ஆகியவற்றை வீசலாம். வெளியே எடுத்தவரின் வயிற்றை அமுக்கி நீர் எடுப்பதும், தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவதும் பொன்னான நிமிடங்களை வீணாக்கும்.

பாம்புக்கடியும் நம் குடியிருப்புகளின் நோயே. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கிறது. கடிவாயில் வலியோ வீக்கமோ இராது. விடியலில் வயிற்றுவலி, இமை தொங்குதல், விழுங்க முடியாமை தோன்றும். அதைச் செரியாமை என்று கருதிச் சோடா வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. இறுகக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல்களைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே வழி. வண்டி வராவிடில், இருசக்கர வாகனத்தில் இருவருக்கு நடுவே உட்காரவைத்தும் கொண்டு செல்லலாம். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சைச் சேகரித்துத் தருபவர்களுள் முதன்மையானவர்கள், 1978 இல் தோன்றிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் என்பதையும் இங்கே பதிவுசெய்கிறோம்.

108 ஐ அழைத்ததும் ஒருவரைப் பிரதான சாலைக்கு ஓடச் சொல்லுங்கள். ஊர்த்தெருவோடு நின்றுவிடும் சாலைகளைக் கொண்ட கிராமங்களில் ஓட்டுநர் காலனியைக் கண்டுபிடிக்கத் திணறுவது வாடிக்கை. மருத்துவமனையில் "போலீஸ் கேஸ், முதலில் புகார் கொடுங்கள்" என்று மறுத்தால், எந்த மருத்துவரும் முதலில் உயிர்காக்கும் சிகிச்சை அளிக்கக் கடமைப்பட்டவர் என 1989 இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை எடுத்துச் சொல்லலாம். சாதியின் பேரில் மருத்துவமனைக்குள் நுழைய விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்.

மலக்குழி விபத்தாயின் குழி, கயிறு, வாளி, அருகில் நின்ற வண்டி ஆகியவற்றை ஒருவர் கைப்பேசியில் படமெடுத்து வைக்க வேண்டும். மீட்புக்கு நேர்ந்த இடையூறாக அது ஆகிவிடக் கூடாது. பாதுகாப்புக் கருவியின்றி இறக்கியவருக்கு 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கே 2 ஆண்டுவரை சிறை உண்டு. "அவராகவே இறங்கினார்" என்னும் வாக்குமூலம் காவல் நிலையத்தில் எழுதப்படுவதற்கு முன், அழைத்தது யார், கூலி பேசியது யார் என்பதை உடனிருந்தவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. 2014 இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் என நிர்ணயித்த இழப்பீடு, 2023 அக்டோபர் 20 தீர்ப்பால் 30 லட்சமாக உயர்ந்துள்ளது. உயிர் பிழைத்து நிரந்தர ஊனம் அடைந்தவருக்குக் குறைந்தது 20 லட்சம். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் உடற்கூறாய்வு அறிக்கையையும் குடும்பத்தினர் கேட்டுப் பெற்று வைத்திருக்க வேண்டும்.