தொழுநோய் மிஷன்

தொழுநோயால் பாதிக்கப்பட்டோருக்காகப் பல நாடுகளில் பணியாற்றும் கிறித்தவத் தொண்டு நிறுவனம். அயர்லாந்துக்காரரான வெல்லெஸ்லி பெய்லி 1869இல் இந்தியாவின் அம்பாலாவில் மிஷன் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, அங்கிருந்த தொழுநோயர் விடுதியைப் பார்த்தார். ஊர் திரும்பியவர் 1874இல் டப்ளினில் இந்த மிஷனைத் தொடங்கினார். ஆண்டுக்கு 30 பவுண்டு திரட்ட நினைத்த இடத்தில், முதல் ஆண்டிலேயே அதைப்போலப் பல மடங்கு சேர்ந்தது.

தொடக்கத்தில் சோறும் கூரையும் ஜெபமும்தான் இருந்தன. வைத்தியம் என்றால் நீரடிமுத்து எண்ணெய். அதுவும் நோயைத் தீர்க்கவில்லை. மிஷனின் மருத்துவ ஆலோசகராக இருந்த ராபர்ட் காக்ரேன், செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை நடத்தியவர். 1940களில் சல்போன் மருந்தை இந்தியாவில் பரவலாகக் கொண்டுவந்தவரும் அவரே.

அவரைப் பார்க்கத் திருமணிக்கு வந்த பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். மடங்கிப்போன கை ஒன்றைத் தொட்டபோது, அதில் இன்னும் வலுவான பிடி இருப்பதைக் கண்டு திகைத்தார். செயலற்ற தசைக்குப் பதில் உயிருள்ள தசையின் நாணை மாற்றிப் பொருத்தி, விரல்களை நிமிர்த்தினார். விரல் அழிவது கிருமி தின்பதால் அன்று, நரம்பு மரத்து வலி தெரியாமல் போவதால் என்றும் காட்டினார். இரவில் எலி கடித்ததுகூடத் தெரியாமல் சிலர் விரலை இழந்தனர். அதனால் வீடு திரும்பியவர்களுக்குப் பூனை கொடுத்தனுப்பினார்கள். என் கணிப்பில், தொழுநோய்ப் பணியின் வரலாற்றில் மருந்துக்கு இணையான கண்டுபிடிப்பு, வலி தெரியாமையே விரலை அழிக்கிறது என்பதுதான்.

நிமிர்ந்த கைக்கு வேலையும் வேண்டுமே. வேலூரில் தொடங்கிய நவஜீவ நிலையம் தொழில் பழக்கியது. 1955இல் மிஷன், அமெரிக்கத் தொழுநோய் மிஷன், வேலூர் கல்லூரி ஆகியவை சேர்ந்து காரிகிரியில் ஷிஃபிலின் ஆய்வு மருத்துவமனையைக் கட்டின. புண்ணாகாமல் பாதத்தைக் காக்கும் எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இங்கிருந்து பரவியது. அதே 1955இல் போளம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர்கள் மரத்தடி மருத்துவம் தொடங்கினார்கள்: நோயாளியைத் தேடி ஊர் ஊராக மருத்துவர்களே போனார்கள்.

1980களில் வந்த கூட்டு மருந்து சிகிச்சை 6 அல்லது 12 மாதங்களில் நோயைக் குணமாக்குகிறது. சட்டம்தான் தாமதித்தது. நோயாளிகளை அடைத்துவைக்க வகை செய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீங்கியது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக்கிய பிரிவுகள் 2019இல் நீக்கப்பட்டன.

உணர்வற்ற தேமல் உடலில் தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே காட்டுங்கள். மருந்து இலவசம்.