அச்சடிச்ச இரும்புக்கு ஏன் இந்த சொரசொரப்பு?

புனேயில் பட்டறைகளுக்குக் கடன் கொடுக்கிற கிளையில் உட்கார்ந்தால், பி.காம். படிச்சவனும் கொஞ்சம் இரும்பு படிச்சே ஆகணும். எங்களுக்கு ஆர்.ஓ.ஏ. மாதிரி, போசரி பட்டறைக்காரர்களுக்கு 'ஆர்.ஏ.'. உலோகப் பரப்பில் இருக்கும் மேடு பள்ளங்களின் சராசரி, மைக்ரான் கணக்கில். தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன் என்று வச்சுக்குங்க, கணக்கு பிடிபடும்.

ஒரு காலத்தில் இதை நகத்தால் கீறியும் கண்ணால் ஒப்பிட்டும்தான் சொன்னார்கள். 1936-ல் அமெரிக்காவில் எர்னஸ்ட் அபாட், கிராமபோன் மாதிரி ஊசியை இழுத்து அளக்கும் ப்ரொஃபைலோமீட்டரைக் கொண்டுவந்தார். 1941-ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் டெய்லர் ஹாப்சன் கம்பெனி 'டாலிசர்ஃப்' செய்தது. கிரைண்டிங் செய்த பரப்பு 1 மைக்ரானுக்கும் கீழே வரும். சாதாரண லேத் வேலை 1லிருந்து 3 வரை. நாலைந்து தலைமுறை மெஷினிஸ்டுகள் கஷ்டப்பட்டு இறக்கிய எண் இது.

அந்த எண்ணை மறுபடி ஏத்தி விட்டது முப்பரிமாண அச்சு :-)

லேசரால் பொடியை ஒட்டவைத்துப் பொருள் செய்யலாம் என்று பிரான்சின் பியர் சிரோ 1971-லேயே காப்புரிமைக்கு எழுதிவிட்டார். கைக்கு வந்தது 1980களில், டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கார்ல் டெக்கார்ட் செய்ததில். அது பிளாஸ்டிக் பொடி. உலோகத்துக்கு ஜெர்மனியின் இ.ஓ.எஸ். 1995-ல் எம்-250 என்ற மெஷினை விற்க ஆரம்பித்தது. 1996-ல் ஆகன் நகர ஃப்ரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தார், பொடியை அரைகுறையாக ஒட்டாமல் முழுக்க உருக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டார்கள். 1997-ல் ஸ்வீடனில் ஆர்காம் தொடங்கியது. அவர்கள் லேசருக்குப் பதில் எலக்ட்ரான் கற்றை.

முழுக்க உருகியதால் உள்ளே வலு வந்தது. வெளித்தோல்தான் சரியில்லை. லேசர் முறையில் 5லிருந்து 20 மைக்ரான் வரை சொரசொரப்பு, எலக்ட்ரான் கற்றையில் 20க்கு மேல் போவது சகஜம். காரணம் மூணு. அடுக்கடுக்காகக் கட்டுவதால் சாய்வான பக்கம் கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி நிற்கும். ஓரத்துச் சூட்டில் பக்கத்துப் பொடி பாதி உருகி, எள்ளுருண்டை மேல் எள் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்தரத்தில் நிற்கும் அடிப்பக்கத்தில் உருகிய உலோகம் கீழே உள்ள பொடிக்குள் இறங்கிவிடும். மோசமான பரப்பு அதுதான். அடுக்கை மெலிசாக்கினால் படிக்கட்டு குறையும், ஆனால் மெஷின் ஓடும் நேரம் ஏறும். நேரம்தான் காசு.

அழகுப் பிரச்சனை மட்டும் என்றால் விட்டுவிடலாம். திரும்பத் திரும்பப் பாரம் ஏறி இறங்கும் பாகத்தில், அந்தச் சின்னப் பள்ளத்தில்தான் விரிசல் பிறக்கும். விமானத்துக்குப் போகும் டைட்டானியக் கலவையில், அச்சடித்தபடியே விட்ட துண்டின் சோர்வு வலிமை, கடைந்து மெருகேற்றியதில் பாதிக்கும் கீழே போனதைப் பல சோதனைகள் காட்டின. சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்து உள்துளைகளை மூடுகிறார்களே, அதுவும் பரப்பைச் சரிசெய்யாது.

இது எனக்கு ஃபைலில் வந்தது. ஒரு பட்டறைக்காரர், இருபது பேருக்குச் சம்பளம் கொடுப்பவர், வீட்டுப் பத்திரத்தை வச்சு இந்த மெஷினுக்குக் கடன் கேட்டார். திட்ட அறிக்கையில் மெஷின், பொடி, ஆர்கான் வாயு, கரண்ட் எல்லாம் இருந்தது. அடித்தட்டிலிருந்து வெட்டி எடுப்பது, முட்டுக்கொடுத்த தாங்கிகளை உடைப்பது, ஷாட் பிளாஸ்டிங், கடைசல்? ஒரு வரிகூட இல்லை. "அதெல்லாம் வெளியே கொடுத்துக்கலாம் சாப்" என்றார். அந்தச் செலவையும் எழுதிக் கொண்டுவரச் சொன்னேன். எழுதியபோது தவணைக் கணக்கே மாறியது. முதல் தவணை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குத் தள்ளிப்போனது. அதன்பிறகுதான் சாங்ஷன். தானியங்கி மெஷின் வந்த இடத்தில் அரம் பிடிக்க இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார், பாருங்கள்!

இதே சொரசொரப்பை விரும்பிக் கேட்டவர்கள் எலும்பு டாக்டர்கள். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடனின் பிரோனெமார்க் 1950களிலேயே முயல்களில் கவனித்தார். வழவழப்பைவிட, துளையும் சொரசொரப்புமான பரப்பை எலும்பு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். 2007-ல் இத்தாலியில் டாக்டர் குய்டோ கிராப்பியோலோ, ஆர்காம் மெஷினில் அச்சடித்த இடுப்புக் கிண்ணத்தை நோயாளிக்குப் பொருத்தினார். ஆனால் பந்து உருளும் உள்பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தே ஆகணும். ஒரே மூட்டில் ரெண்டு நியாயம்.

நம்ம பக்கத்துச் செய்தி ஒன்று. 2024 மே 9 அன்று பி.எஸ்.எல்.வி.யின் நாலாம் கட்ட எஞ்சினை அச்சு முறையில் செய்து, இஸ்ரோ 665 விநாடி எரித்துச் சோதித்தது. 14 பாகங்கள் ஒன்றானது, 19 வெல்டிங் இணைப்புகள் போயின. 565 கிலோ உலோகம் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ பொடி. சோதித்த இடம் மகேந்திரகிரி, எங்க வள்ளியூர்ப் பக்கம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ஸில் லீவுக்குப் போகும்போது, நாங்குநேரி தாண்டியதும் பிள்ளைகளை வலது பக்க ஜன்னலில் உட்கார வையுங்க. மலை தெரியும்.