ஐந்தடி நடைபாதையும் ஊர்ச் சட்டமும்



தைப்பூசத்துக்கு நாம் குடும்பத்தோடு பினாங்குக்குப் போகிறோம். பட்டர்வொர்த்தில் படகேறி அக்கரையில் இறங்குகிறோம். கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக் கொள்கிறது. நாம் நனைவதில்லை. வரிசையாக நிற்கும் கடைகளின் முன்னால், மேல்மாடியின் அடியிலே, ஒரு நடைபாதை தெருமுனை வரை போகிறது. மலாய்க்காரர்கள் அதைக் காக்கி லீமா என்கிறார்கள். ஐந்தடி என்பது பொருள்.

அந்த ஐந்தடியைக் கடைக்காரர் இரக்கப்பட்டு நமக்கு விட்டுக் கொடுத்தாரா? இல்லை. கடை கட்டுவோர் முன்புறத்தில் மக்கள் நடக்க வழி விட வேண்டும் என்று ஒரு விதி கட்டளையிட்டது. 1822-ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகர் அமைப்புக்கு வகுத்த கட்டளைகளில் இது இடம் பெற்றது. பின்னர் பினாங்குக்கும் மற்றப் பட்டணங்களுக்கும் பரவியது. ஊர்ச் சட்டம் என்பது ஏதோ அலுவலகத்து அலமாரியில் கிடக்கும் காகிதம் அன்று. நம் தலை நனையாமல் காப்பதும் அதுவே. அந்தச் சட்டத்தின் கதையைத்தான் இன்று பேசப் போகிறோம்.

1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். காட்டை வெட்டி ஊர் அமைத்து, அரசர் மூன்றாம் ஜார்ஜின் பெயரால் ஜார்ஜ் டவுன் என்று அழைத்தார். லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு ஆகியவை அந்தப் பழைய ஊரின் எல்லைகள். பிட் தெருதான் இன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. நம்மவர் தொடக்க காலத்திலேயே அங்கே வேர் ஊன்றி விட்டனர். குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தெருக்களைப் போட்டவர்களிலும் இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள் பலர் உண்டு. தெருவை யார் வெட்டினார் என்பதைத் தெருப் பலகை சொல்வதில்லை. நாம்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஊர் பெருகினால் சாக்கடை வேண்டும், குப்பை அள்ள ஆள் வேண்டும், அதற்கெல்லாம் வரி வேண்டும். 1800-ஆம் ஆண்டில் வரி மதிப்பிடும் குழு ஒன்று அமைந்தது. 1857-இல் நகராண்மை ஆணையர் சபை வந்தது. அதன் உறுப்பினரில் ஒரு பகுதியினரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கலாம் என்றும் இருந்தது.

அதே 1857-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஒன்று நடந்தது. புதிய போலீசுச் சட்டமும் நகராண்மைச் சட்டமும் நடப்புக்கு வந்ததும் சீனக் கடைக்காரர்கள் கதவடைத்து விட்டனர். சட்டங்கள் மக்களின் மொழியில் சரியாக விளக்கப்படவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1888-இல் அங்கே மீண்டும் கலவரம் மூண்டது. ஐந்தடி நடைபாதையில் சாமான் அடுக்குவதை அகற்ற முனைந்ததே காரணம். நடப்பவனுக்கு அது பாதை. சிறு வியாபாரிக்கு அது பிழைப்பு. இரண்டும் நியாயம்தான். இரண்டையும் கேட்டு முடிவு செய்வதற்குத்தான் ஊர் மன்றம் தேவைப்படுகிறது.

ஆனால் 1913-ஆம் ஆண்டுச் சட்டம் நகராண்மைத் தேர்தலை ஒழித்தது. ஆணையர்களைக் கவர்னரே நியமித்தார். வரி மக்களுடையது, முடிவு மற்றவருடையது என்ற நிலை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நீடித்தது.

1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. மலாயாக் கூட்டரசில் நடந்த முதல் தேர்தல் அதுதான். 1957 ஜனவரி முதல் நாள், நாடு சுதந்திரம் பெறுவதற்கு எட்டு மாதம் முன்னதாக, எலிசபெத் அரசியாரின் சாசனத்தால் ஜார்ஜ் டவுன் மாநகரமாயிற்று. 1950-களின் இறுதியில் அதன் மேயராக இருந்தவர் தொழிற் கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன் என்ற தமிழர். தெருக் கூட்டியவர்களிலும் சாக்கடை கழுவியவர்களிலும் தமிழர் நிறைந்திருந்த நகரத்தில், மேயர் நாற்காலியிலும் ஒரு தமிழர் அமர்ந்தார். வாக்குச் சீட்டின் வலிமை அது.

1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜார்ஜ் டவுன் மன்றத்தின் அதிகாரம் மாநில முதலமைச்சரின் கைக்கு மாறியது. ஊராட்சியை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவரும் ஒரு தமிழரே: செனட்டர் ஆதி நாகப்பன். 1968-இல் ஒப்படைக்கப்பட்ட அறிக்கை, தேர்தலைத் திரும்பக் கொண்டு வர வேண்டும் என்றது. அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் என்று விதித்தது. பினாங்கு மாநிலம் 2012-இல் தேர்தல் நடத்தத் தனிச் சட்டம் இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது.

அதே 1976-இல் நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டமும் வந்தது. எந்த நிலத்தில் வீடு, எதில் தொழிற்சாலை, எதில் பள்ளி என்பதை முன்கூட்டியே வரைபடமாக்கி மக்களிடம் காட்ட வேண்டும் என்கிறது அது. கட்டட விதிகளும் ஊருக்கு ஒன்றாக இருந்த நிலை மாறி, 1984-இல் ஒரே சீரான உபசட்டங்கள் வந்தன. பழைய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு முதல் நீங்கியது. வாடகை ஏறியது, தலைமுறை தலைமுறையாக இருந்த ஏழைகள் பலர் வெளியேறினர். 2008-இல் ஜார்ஜ் டவுன் மலாக்காவுடன் உலக மரபுச் சின்னமாயிற்று. ஒரு விதி எடுபட்டபோது குடியிருந்தவர் போனார். இன்னொரு விதி வந்தபோது கட்டடம் காக்கப்பட்டது.

"நகரத்துக் கதை நமக்கு எதற்கு? நாம் தோட்டத்தில் இருப்பவர்கள்" என்று நினைக்கலாம். தோட்டம் தோட்டமாகவே இருப்பதில்லை, நேயர்களே. பத்து காவானைப் பாருங்கள். கரும்பும் ரப்பரும் செம்பனையும் கண்ட அந்த மண்ணில் இன்று தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் அங்கேதான் கரை ஏறுகிறது. தீவில் நம்மவர் மாடு வளர்த்து வாழ்ந்த கம்போங் புவா பாலா, நிலம் கைமாறி, வழக்கும் தோற்று, 2009-இல் இடிக்கப்பட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும. வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்ட விண்ணப்பித்தால், பக்கத்து நிலத்தின் பதிவு பெற்ற உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்புவர். அவர் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் நிலம் நம் பெயரில் இல்லை. கடிதம் நமக்கு வராது. ஆனால் வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது நிலை வேறு. அப்போது ஆட்சேபமோ கருத்தோ எழுதிக் கொடுக்க நிலப் பட்டா தேவையில்லை. கோயில், பள்ளி, சுடுகாடு ஆகியவை வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று நாம் கேட்கலாம்.

நாமே ஒரு தவறு செய்திருக்கிறோம். ஒரு முறை கடைத்தெருப் பலகையில் அப்படி ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மலாய் மொழி நமக்குத் தெரியும். ஆசிரியர் வேலை பார்க்கிறோம். இருந்தும் நின்று வாசிக்காமல் காய்கறிப் பையோடு கடந்து போனோம். பிறகு ஒரு மூதாட்டி, "வாத்தியாரே, நம்ம கோயிலு படத்துல இருக்குதா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தோம். நாள் முடிந்திருந்தது. அவருக்குச் சொல்ல நம்மிடம் பதில் இல்லை.

ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர், மலாய் படித்த பிள்ளையாக இருந்தாலும் போதும், அறிவிப்புகளை வாசித்துக் கோயில் மண்டபத்தில் தமிழில் சொல்லட்டும். பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு கடிதம் எழுதட்டும். அதன் நகலைப் பத்திரமாக வைக்கட்டும். வாக்கு இல்லாத இடத்தில் எழுத்தாவது இருக்க வேண்டும்.

அடுத்த முறை அந்த ஐந்தடி நடைபாதையில் மழைக்கு ஒதுங்கும்போது, பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.