ஒரு கம்பியிற் பல பெயர்கள்

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி செல்லும் வீதியில் அமைந்த கடலோரக் கிராமம் சாம்பல்தீவு. கிழக்குக் கரையின் கரைவலைத் தொழிலைக் கண்டவர்கள் ஒரு காட்சியை அறிவார்கள். வலையின் இரு கயிறுகளையும் இரு அணியினர் பற்றி இழுப்பர். சம்மாட்டியாரின் குரல் எல்லார் காதிலும் விழும். ஆயினும் பெயர் சொல்லப்பட்டவரே மறுமொழி கொடுப்பார். கந்தையா என்ற பெயருடையோர் இருவர் இருந்தால், "வடக்குக் கயிற்றுக் கந்தையா" என்று இடத்தையும் சேர்த்துச் சொன்னாலன்றி வேலை நடவாது. யார் என்பது ஒரு வினா. எங்கே நிற்பவர் என்பது மற்றொரு வினா. மின்கம்பி வழியே செய்தி அனுப்பும் கலையின் வரலாறு முழுவதிலும் இவ்விரு வினாக்களும் தொடர்ந்து வந்துள்ளன.

அமெரிக்காவில் மோர்ஸ் என்பார் 1844 ஆம் ஆண்டில் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பினார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1858 இல், இலங்கையின் முதலாவது தந்திக் கம்பி கொழும்பையும் காலியையும் இணைத்தது. கம்பி நாட்டுதல் பெருஞ்செலவான காரியம். ஆதலால் பல நிலையங்களை ஒரே கம்பியிற் கோத்துவிடுதல் உலகில் வழக்கமாயிற்று. அத்தகைய கம்பியில் ஒரு நிலையத்தார் சாவியை அழுத்தினால், மற்றெல்லா நிலையங்களின் கருவிகளும் ஒருங்கே ஒலிக்கும். எனவே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓரிரண்டு எழுத்துக்களாலான அழைப்புக்குறி வழங்கப்பட்டது. தேர்ந்த தந்தி ஊழியர் வேறு வேலையில் ஈடுபட்டிருந்தாலும், ஓயாத ஒலியின் நடுவே தம் நிலையத்தின் குறி கேட்டதும் நிமிர்ந்துவிடுவார். அக்குறி உணர்த்தியது இடத்தை. ஆளை உணர்த்தியதோ அனுப்புபவரின் கைநடை. புள்ளியும் கோடும் தட்டும் முறை ஒவ்வொருவர்க்கும் சிறிது வேறுபடும். மறுமுனையில் இருப்பவர் முகம் காணாமலே நண்பரை அறிந்துகொள்வார்.

பின்னர் தொலைபேசி வந்தது. நாட்டுப்புறங்களில் பல வீடுகளுக்கு ஒரே கம்பி என்ற நிலை அமெரிக்கா முதலிய தேசங்களில் நெடுங்காலம் நிலவிற்று. இரண்டு நீண்ட மணி ஒரு வீட்டுக்கு, ஒரு நீண்ட மணியும் ஒரு குறுகிய மணியும் அயல் வீட்டுக்கு என்று வகுத்தார்கள். மணி எல்லா வீடுகளிலும் ஒலித்தது. எண்ணிக் கேட்கும் பொறுப்பு மனிதக் காதுக்கே உரியதாயிருந்தது.

அப்பொறுப்பை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் தேவை புகையிரதப் பாதையில் எழுந்தது. 1927 இல் திருகோணமலையை எட்டிய பாதையைப் போன்ற ஒற்றைத் தடங்களில், எதிரெதிரே வரும் வண்டிகளுள் எது எங்கே ஒதுங்கவேண்டும் என்ற கட்டளை உரிய நிலையத்துக்கே சேரவேண்டும், பிழைத்தால் உயிர்ச்சேதம். அமெரிக்காவில் 1907 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இரவும் பகலும் இயங்கும் நிலையங்களில் தந்தி ஊழியரின் வேலைநேரத்தை ஒன்பது மணியாக வரையறுத்தது. அதையொட்டிப் புகையிரதக் கம்பனிகள் தந்தியை விட்டுத் தொலைபேசியை நாடின. அப்போது பயன்பட்டதே தேர்வுக் கருவி.

வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பனியின் கருவியில் 17 மின்துடிப்புகள் மூன்று தொகுதிகளாகக் கம்பியிற் செல்லும். எல்லா நிலையங்களிலும் உள்ள பற்சக்கரங்கள் ஒருங்கே பல் பல்லாக ஏறும். ஒரு தொகுதி முடிந்து சிறு இடைவெளி நேரும்போது, அவ்விடத்தில் முளை பொருத்தப்பட்ட சக்கரம் மட்டும் நிலைத்து நிற்கும். ஏனையவை தொடக்கத்துக்கே திரும்பிவிடும். பதினேழாவது பல்லை எட்டும் சக்கரமே மணியை ஒலிக்கும். 2, 6, 9 என்பது ஒரு நிலையத்தின் பெயரானால், 6, 2, 9 என்பது மற்றொன்றின் பெயர். தொகுதிக்குக் குறைந்தது இரண்டு துடிப்பு எனக் கொண்டால், இவ்வாறு 78 பெயர்கள் கிடைக்கும். எனினும் முளைகளைப் பொருத்தியவை மனிதக் கைகளே. ஆதலால் மணி ஒலித்த பின்னரும், கட்டளை பெற்றவர் அதனைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்ற விதி கைவிடப்படவில்லை.

இன்று திருகோணமலைத் துறைமுகம் போன்ற துறைகளுக்கு வரும் கலங்களிலும் இக்கதை தொடர்கிறது. ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்காக 1986 இல் வெளியிட்ட பொதுக்கம்பி முறையைத் தழுவி, கலங்களுக்கென 'என்.எம்.ஈ.ஏ. 2000' என்னும் நியமம் எழுந்தது. திசைகாட்டி, ஆழமானி, எஞ்சின் வெப்பமானி யாவும் ஒரே கம்பியிற் பேசுகின்றன. ஒவ்வொரு கருவிக்கும் 64 இருமக் குறிகளாலான ஒரு பெயர் உண்டு. செய்தவர், தொடரெண், பணி என்பன அதில் அடங்கும். மின்சாரம் பாய்ந்ததும், கருவி தன் பெயரைச் சொல்லி, 0 முதல் 251 வரையுள்ள எண்களுள் ஒன்றைத் தன் முகவரியாகக் கோரும். இரு கருவிகள் ஒரே எண்ணைக் கோரினால், எதன் பெயர் சிறிய எண்ணோ அதற்கே உரிமை. மற்றது வேறிடம் தேடும். மனிதர் தலையீடின்றியே வழக்குத் தீர்ந்துவிடுகிறது.

ஆனால் தீர்ந்தது முதல் வினா மட்டுமே. இரட்டை எஞ்சின் பூட்டிய கலத்தில், ஒரே வகை வெப்பமானிகள் இரண்டு இருக்கும். தொடரெண் அவற்றை வேறுபடுத்தும். எது இடப்புறம், எது வலப்புறம் என்று சொல்லாது. இடப்புறத்துக்கு 0, வலப்புறத்துக்கு 1 என்று, பொருத்துபவரே குறித்துவைக்க வேண்டும். அது மாறிப்போனால், துறைமுக வாயிலில் கொதிக்கும் எஞ்சினை ஓடவிட்டு, நலமுள்ள எஞ்சினை மாலுமி நிறுத்திவிடக்கூடும். கருவிகளிற் பழுதில்லை; பெயர்களிலும் ஐயமில்லை. இடம் மட்டுமே பிழை.

தான் யார் என்பதைக் கருவி ஆலையிலிருந்தே கற்றுக்கொண்டு வருகிறது. தான் எங்கே நிற்கிறது என்பதை, அதனை அங்கே நிறுத்திய மனிதரே சொல்லிக்கொடுக்க வேண்டும். கரைவலைக் கயிற்றருகே நின்று கந்தையாவை அழைக்கும் சம்மாட்டியார், பெயரோடு கயிற்றையும் சேர்த்துச் சொல்வது அதனாலேயே.