பழந்தாளில் உறங்கும் வரலாறு

மன்னர்பால் கொடை பெற்றோரின் வரலாற்றைக் கல்வெட்டும் செப்பேடும் காத்து நிற்கின்றன. கொடை பெறாத மக்களுக்கோ வீட்டுப் பெட்டியே ஆவணக்களரி. பழைய ஏடும் இதழும் நிழற்படமும் அப்பெட்டியின் செல்வங்கள். இவ்வுண்மையை விளக்கப் பண்டிதர் அயோத்திதாசரின் இதழ் ஒன்றே போதும்.

1845ஆம் ஆண்டு பிறந்த காத்தவராயன், தமக்குத் தமிழ் பயிற்றிய ஆசிரியரின் பெயரையே ஏற்று அயோத்திதாசரானார். 1907 சூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் கிழமை இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' எனப் பெயர் பெற்றது.

பண்டிதரின் எழுத்துக்கு ஊற்றாய் அமைந்தவை பழஞ்சுவடிகளே. ஆரிங்டன் துரையிடம் பணிபுரிந்த தம் பாட்டனார் கந்தப்பன், வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அத்துரைக்கு அளித்தார் என்றும், அது எல்லிஸ் துரையைச் சென்றடைந்தது என்றும் பண்டிதர் எழுதியுள்ளார். தமிழ் இலக்கியங்களையும் நிகண்டுகளையும் துருவி ஆராய்ந்தே அவர் 'இந்திரர் தேச சரித்திரம்' வரைந்தார். பழைய சொல்லில் புதிய பொருள் கண்ட அவரது திறம் வியத்தற்குரியது.

1914 மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். பொது வரலாற்று நூல்களில் நெடுங்காலம் அவர்க்குரிய இடம் கிட்டவில்லை. ஆயினும் அன்பு பொன்னோவியம் போன்ற அன்பர்கள் பழைய 'தமிழன்' தாள்களைத் திரட்டிப் பேணினர். அத்தாள்களினின்று ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்', 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வாயிலாக வெளிவந்தது. அதன்பின் ஆய்வுகள் பெருகின. 2013இல் வெளிவந்த 'வெள்ளை யானை' என்னும் புதினத்தில் காத்தவராயன் கதைமாந்தராகவே உலவலானார். மட்கவிருந்த தாள், ஆய்வாகவும் கதையாகவும் தளிர்த்தது. அத்தாள்கள் எடைக்குப் போயிருப்பின் இவற்றுள் எது நமக்குக் கிடைத்திருக்கும்?

இளைஞர்களே! உங்கள் இல்லத்துத் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். பாட்டனாரின் பள்ளிச் சான்றிதழ், பட்டாளத்துப் படம், மாநாட்டுத் துண்டறிக்கை, கரையான் அரித்த பாட்டுப் புத்தகம் ஆகிய எதனையும் குப்பையென வீசாதீர்கள். முதியோர் உயிரோடிருக்கும்போதே படத்திலுள்ளோர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டறிந்து, படத்தின் பின்புறம் மென்மையாகப் பென்சிலால் குறித்து வையுங்கள். பெயரிழந்த முகம் வரலாற்றில் சாட்சி சொல்லாது. பின்னர் அவற்றைக் கொண்டு கட்டுரை எழுதுங்கள்; கவிதை புனையுங்கள்; நாடகம் இயற்றுங்கள்.

நம் முன்னோர் எழுத்தறிவு பெறப் போராடினர். அவர்தம் எழுத்தைக் காப்பதும், அதனின்று புதியன படைப்பதும் கற்ற தலைமுறையின் கடன்.