ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரப் புதுமணத் தம்பதியரின் பெங்களூர்ப் பயணம்

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில் அமைந்த ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில், திருமணமான புதிதில் கணவனும் மனைவியும் பெங்களூருக்குச் சென்று ஊர் சுற்றிப் பார்த்து வருவது நெடுங்கால வழக்கம். இதைத் தேனிலவு என்று சொல்வோர் உண்டு. 'பெங்களூர் பார்க்கப் போயிருக்கிறார்கள்' என்று சொல்வோரே மிகுதி. ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கி.மீ., கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 90 கி.மீ. காலையில் பேருந்து ஏறினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போவதென்றால் அறை எடுக்க வேண்டும், பெரியவர்களிடம் நான்கு நாள் அனுமதி கேட்க வேண்டும். பெங்களூருக்கு அந்தத் தொல்லை இல்லை.

தேனிலவு என்ற சொல்

தேனிலவு என்பது ஆங்கிலச் சொல்லின் நேர்ப் பெயர்ப்பு. அந்தச் சொல் ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது. முதலில் அது மணமான முதல் மாதத்து இனிமையைக் குறித்ததே தவிர, பயணத்தைக் குறிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்த பிறகே மணமக்கள் வெளியூர் செல்வது இங்கிலாந்தில் பரவலானது. தமிழ்நாட்டில் இச்சொல்லைப் பட்டிதொட்டிக்குக் கொண்டு சேர்த்ததில் திரைப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்ரீதர் இயக்கி, ஜெமினி கணேசனும் வைஜயந்திமாலாவும் நடித்த 'தேன் நிலவு' 1961இல் வெளியானது. அதற்காகப் படக்குழு காஷ்மீருக்கே சென்றது.

அதற்கு முன்பும் மணமக்களுக்குப் பயணம் இல்லாமல் இல்லை. மறுவீடு, உறவினர் வீட்டு விருந்து, குலதெய்வக் கோயில் என்று வரிசையாகப் போய் வந்தார்கள். ஆனால் அவற்றில் ஒன்றிலும் இருவரும் தனியாக இருக்க வாய்ப்பில்லை. கூட்டுக் குடும்பத்தில் பகல் நேரத்தில் மனைவி கணவனிடம் நின்று பேசுவதே கூச்சமாகக் கருதப்பட்ட காலம் அது. பெயர் தெரியாத ஊரின் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காருவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இன்றைய மாணவர்கள் இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

எல்லை வந்த கதை

சுற்றிப் பார்க்கப் போன இடங்களில் பல, ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தையும் ஆண்டவர்கள் உருவாக்கியவை. கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் பகுதி ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி அது ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறியது. 1799இல் திப்பு வீழ்ந்த பின் ஓசூர்ப் பகுதியும் அவர்களிடம் வந்தது. பின்னர் இவை சேலம் மாவட்டத்தில் சேர்ந்தன, பெங்களூர் மைசூர் அரசின் பக்கம் நின்றது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம் மைசூருக்குப் போனது. தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் நிறைந்திருந்தும் ஓசூர் வட்டம் சென்னை மாநிலத்திலேயே தங்கியது. 1965இல் தருமபுரி மாவட்டமும், 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன.

கோடு போட்டவர்கள் உறவுகளைக் கேட்டுப் போடவில்லை. ஓசூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஆனேக்கல், மாலூர், கோலார் பக்கங்களில் கொடுக்கல் வாங்கல் தொடர்ந்தது. அதனால் இங்கே பெங்களூர்ப் பயணம் பாதி தேனிலவு, பாதி விருந்து. பகலில் லால்பாக், மதியம் அத்தை வீட்டுச் சாப்பாடு என்று இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டார்கள்.

போக்குவரத்தின் கதை வேறு. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864இலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் அந்தப் பாதை கிருஷ்ணகிரியைத் தொடவில்லை. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறுகிய ரயில் பாதைகள் போடப்பட்டன. இரண்டும் பின்னர் மூடப்பட்டன. ஓசூருக்கு ரயில் மீண்டும் வந்தது, கிருஷ்ணகிரி நகருக்கு இன்றுவரை ரயில் நிலையம் இல்லை. எனவே இந்தப் பயணம் முதன்மையாகப் பேருந்துப் பயணமாகவே வளர்ந்தது.

ஒரு நாள் சுற்று

எந்தெந்த இடங்களைப் பார்ப்பது என்பதைப் பெரும்பாலும் பேருந்து நிலையமே தீர்மானித்தது. பழைய நாளில் ஓசூர்ப் பேருந்துகள் சென்று நின்ற கலாசிப்பாளையத்தின் அருகிலேயே திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனை இருக்கிறது. 1791இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த மாளிகையின் தூண்களும் மாடங்களும் தேக்கு மரத்தால் ஆனவை. சற்றுத் தள்ளி, 1928இல் கட்டப்பட்ட கிருஷ்ணராஜ மார்க்கெட். ஓசூர் வட்டாரத்துப் பூக்களுக்கும் இந்தச் சந்தையில் இடம் உண்டு. மணப்பெண் தலையில் வைத்துச் சென்ற பூவுக்கும் அங்கே வாங்கிய பூவுக்கும் ஒரே தோட்டம் தாயகமாக இருந்தால் வியப்பதற்கில்லை!

லால்பாக் இல்லாமல் இந்தப் பயணம் நிறைவடையாது. 1760இல் ஐதர் அலி தொடங்கி, திப்பு விரிவாக்கிய தோட்டம் இது. இன்று 240 ஏக்கர் பரப்பு. லண்டன் பளிங்கு மாளிகையை மாதிரியாகக் கொண்ட கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டப்பட்டது. உள்ளே இருக்கும் பாறைக் குன்று ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழமையானது. அதன் மேல் கெம்பேகவுடா கோபுரம் நிற்கிறது. புதுமணத் தம்பதியர் பாறையின் வயதைக் கேட்டிருக்கப் போவதில்லை, படம் எடுத்துக்கொள்ள நல்ல இடம் என்ற அளவில் அது அவர்களுக்குப் போதும்.

லால்பாக் மலர்க் காட்சி குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி நடக்கிறது. சனவரிக் காட்சி தை மாதத்தில் வருவதால் தை முகூர்த்தத்தில் மணம் முடித்தவர்களுக்கு அது கொடுத்து வைத்தது போல. ஆகஸ்டுக் காட்சி ஆடி மாதத்தோடு மோதுகிறது. புது மணப்பெண் தாய் வீட்டில் இருக்க வேண்டிய மாதம் அது. வைகாசி, ஆனியில் கல்யாணமானவர்கள் வழக்கத்தை அப்படியே கடைப்பிடித்தால் அந்தக் காட்சியைச் சேர்ந்து பார்க்க முடியாது.

மாலையில் கப்பன் பூங்கா. ரிச்சர்ட் சாங்கி 1870இல் அமைத்தது. அதன் எதிரே விதான சௌதா. 1951இல் நேரு அடிக்கல் நாட்டி, கெங்கல் அனுமந்தையாவின் முனைப்பில் 1956இல் முடிந்த கட்டடம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அதற்கு விளக்கொளி ஏற்றுவார்கள். தொழிற்சாலைக்காரர்களின் வார விடுமுறையும் அன்றைக்கே அமைந்தால் அந்த ஒளியைப் பார்த்துவிட்டுத்தான் கடைசிப் பேருந்து.

தொழிற்சாலைகள் வந்த பின்

சிப்காட் தொழிற்பேட்டை ஓசூரின் போக்கையே மாற்றியது. அசோக் லேலண்டு வந்தது. 1980இல் டி.வி.எஸ். 50 வண்டி இங்கிருந்து வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லக்கூடிய மொபெட் என்பதே அதன் சிறப்பு. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் தன் கடிகாரத் தொழிற்சாலையை ஓசூரில் அமைத்தது. பள்ளிப் படிப்பு முடித்த ஆண்களும் பெண்களும் அங்கே வேலைக்குச் சேர்ந்தனர்.

மாதச் சம்பளமும் வார விடுமுறையும் கிடைத்தபின் இந்தப் பயணத்தின் தன்மை மாறியது. யாரிடமும் பணம் கேட்க வேண்டியதில்லை. மாமனார் மாமியாரோடு இல்லாமல், தொழிற்பேட்டையை ஒட்டிய வாடகை வீட்டில் குடித்தனம் வைத்த தம்பதியருக்கு அனுமதி கேட்கவும் ஆளில்லை. பெண்ணும் சம்பளம் வாங்குபவளாக இருந்தால் எந்தக் கடைக்குப் போவது என்பதில் அவள் சொல்லும் எடுபட்டது. பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவும், 2005 முதல் பிடதியில் இயங்கும் வொண்டர்லாவும் பட்டியலில் சேர்ந்தன.

எல்லை மூடிய நாட்கள்

இந்தப் பயணம் எளிதானது என்ற எண்ணம் சில முறை உடைந்திருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 1991 சூன் மாதம் 205 டி.எம்.சி. தண்ணீர் தர இடைக்காலத் தீர்ப்பளித்தது. அது டிசம்பரில் அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டனர். பல குடும்பங்கள் கையில் கிடைத்ததோடு எல்லை தாண்டி வந்தன. சுற்றிப் பார்க்கப் போகும் ஊர், உறவினர்கள் தப்பி வரும் ஊராக மாறியது. 2000இல் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்ட 108 நாட்களும் எல்லையில் பதற்றம் நீடித்தது.

2016 செப்டம்பர் 12ஆம் நாள் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிக்கப்பட்டன. இரு மாநிலப் பேருந்துகளும் எல்லையோடு நின்றன. அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே மூட்டை முடிச்சுகளோடு மக்கள் நடந்தே கடந்தனர். அந்த நாட்களில் வாணியம்பாடியில் திருமணம் நிச்சயமாகியிருந்த பெங்களூர்ப் பெண் ஒருவர், பட்டுப் புடவையும் நகையுமாக உறவினர்களோடு எல்லையை நடந்து தாண்டியது படத்தோடு செய்தியானது. ஊரே வேடிக்கை பார்க்கும் மணமகள் ஊர்வலம் என்று சிலர் கேலி பேசினார்கள். நடந்து வந்தவர்களுக்கு அது கேலியாக இருந்திருக்காது.

2020இல் கொரோனாவுக்காக அதே இடத்தில் மீண்டும் தடுப்புகள் வந்தன. இம்முறை இ-பாஸ் கேட்டார்கள்.

இன்று

2010இல் எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஏறத்தாழ 10 கி.மீ. மேம்பாலம் திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அதை ஓசூர் வரை நீட்டிக்க வேண்டும் என்ற கோரிக்கை இருக்கிறது. ஓசூரில் குடியிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் இளம் தம்பதியர் இன்று ஏராளம். தினமும் நெரிசலில் மாட்டும் ஊரை விடுமுறையிலும் போய்ப் பார்க்க அவர்கள் விரும்புவதில்லை. அவர்களின் தேனிலவு குடகு, மூணாறு, மாலத்தீவு என்று தள்ளிப் போய்விட்டது. தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் புதுமணத் தம்பதியரை லால்பாக் வாயிலில் இப்போதும் காணலாம். மஞ்சள் மாறாத தாலிக் கயிற்றை வைத்தே அடையாளம் தெரியும்.